மாவு பொங்கினால் டயருக்கு எவ்வளவு காற்று?

ஊசிக்குளத்துக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அதில் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அப்படியிருந்தும் அந்த ஊரில் இன்னும் ஆள் நடமாட்டம் இருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

அந்த ஊர்ப் பலவேசத்துக்கு முப்பத்து நாலு வயது. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து, தினமும் தோசை மாவு டிரம்களை ஏற்றிக் கடை கடையாகப் போடுகிறவன். மாவரைப்பது அவன் சித்தப்பா ஆவுடையப்பன். டிரம் தூக்குவது மந்திரமூர்த்தியும் கொம்பையாவும். பலவேசத்துக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போய், மூன்றாவதாகப் பாறைப்பட்டிப் பட்டமுத்துவின் மகள் வடிவு அமைந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

"நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள தட்டு மாத்திரணும். நூறு பேருக்குத் தோசை. மாவு உங்க பொறுப்பு. மாவு வரலைன்னா தட்டும் கிடையாது" என்று பட்டமுத்து கறாராகச் சொல்லிவிட்டார். ஆளுக்கு எட்டுக் கிலோ வீதம் எண்ணூறு கிலோ மாவு என்று ஆவுடையப்பன் திட்டம் போட்டார். அவருக்குத் தாராளக் கை.

வண்டி டயரெல்லாம் தேய்ந்து வழுக்கையாகிக் கிடந்ததால், முந்தின நாளே நாலு பேரும் மெயின்ரோட்டு மிக்கேலின் டயர் கடைக்குப் போனார்கள். மிக்கேல் ஒரு டயரை உருட்டி வந்து, ஓரத்தில் இருந்த எண்ணைக் காட்டினார்.

"இந்தா பாருங்க, ஒரு டயர் தொள்ளாயிரம் கிலோ தாங்கும். உங்க வண்டிக்கு இது சரியா இருக்கும்."

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "நம்ம மாவு எண்ணூறு கிலோ. ஒரு டயரே தொள்ளாயிரம் தாங்கும்னா மிச்சம் மூணு எதுக்கு?"

"வண்டியோட எடையும் இருக்குல்லா அண்ணாச்சி?"

"வண்டியை எதுக்குவே டயர் சுமக்கணும்? அதுதான் தானா ஓடுதே!"

மிக்கேலுக்கு முப்பது வருஷத் தொழில் அனுபவம். ஜாக்கியை எடுத்து, நாலு டயரையும் மாட்டி முடித்தார். பிறகு சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "லோடு கூடினா காத்தும் கூடணும். எண்ணூறு கிலோவுக்கு அம்பது பவுண்டு, காலி வண்டிக்கு முப்பத்தஞ்சு. இன்னொண்ணு, டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் காத்துப் பாக்கணும். வண்டி ஓடின சூட்டுல தொடவே கூடாது."

நாலு பேரும் ஒரே குரலில் மூன்று தடவை திருப்பிச் சொன்னார்கள்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வண்டி புறப்பட்டது. அம்பது பவுண்டு காற்று, பாதியளவு மாவு ஊற்றிய டிரம்கள், பட்டு வேட்டியில் மாப்பிள்ளை. பாறைப்பட்டி முக்கால் மணி நேரப் பயணம்தான். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி வழியில் பின்னாலிருந்து கொம்பையா அலறினான்.

"எல, வண்டியை நிப்பாட்டு! மாவு கூடிட்டு!"

இறங்கிப் பார்த்தார்கள். எல்லா டிரம்மிலும் மாவு மூடியை முட்டிக்கொண்டு நின்றது.

"பாதி டிரம்தானே ஊத்தினோம்?" என்றார் ஆவுடையப்பன்.

"பாதிதான் அண்ணாச்சி."

"இப்ப முழு டிரம் இருக்கு. எண்ணூறு ரெண்டு மடங்கானா ஆயிரத்தறுநூறு." உடனே போனை எடுத்துப் பட்டமுத்துவிடம், "சம்பந்தி, மாவு ரெண்டு மடங்கு வருது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். பட்டமுத்துவும் அந்தத் தெம்பில் இன்னும் நூறு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.

பலவேசத்துக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. "மாவு தினமும்தான் பொங்குது சித்தப்பா."

"தினமும் பொங்குச்சு. அதான் பழைய டயர் தேஞ்சுது."

பலவேசம் தலையாட்டிக்கொண்டான்.

"லோடு ரெண்டு மடங்குன்னா காத்தும் ரெண்டு மடங்கு. நூறு பவுண்டு. எடுல பம்பை!" என்றார் ஆவுடையப்பன். பலவேசம் கால் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மந்திரமூர்த்தி குறுக்கே விழுந்து தடுத்தான். காய்ச்சல் பார்ப்பதுபோல டயரில் புறங்கையை வைத்து, "கொதிக்குது" என்றான்.

காத்திருந்தார்கள். டயர் மேல் வெயில் படக்கூடாது என்று மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை அவிழ்த்து ஒரு பக்கமும், துண்டை மறுபக்கமும் கட்டினார்கள். பலவேசம் அரைக்கால் டிராயரோடு ரோட்டோரம் நின்றான். போகிற வருகிற பஸ்ஸெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.

இரண்டு மணிக்கு மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழியத் தொடங்கியது.

"கொம்பையா, ஏறி மூடி மேல உக்காருல!"

"உக்காந்தா லோடு கூடுமே அண்ணாச்சி?"

"நீ முந்தியே வண்டியிலதானல இருந்தே?"

"அப்ப நின்னுக்கிட்டுலா இருந்தேன்? நின்னா ரெண்டு பாதம் அகலம்தான். உக்காந்தா எம்புட்டு அகலம்னு பாருங்க!"

கொம்பையா திரும்பி நின்று காட்டினான். ஆவுடையப்பன் சுற்றி வந்து பார்த்தார். அவன் சொன்னதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. இதைப் பேசித் தீர்ப்பதற்குள் மூன்று மணி தாண்டிவிட்டது.

பலவேசத்துக்கு அழுகை முட்டியது. "சித்தப்பா, இந்தச் சம்பந்தமும் போயிரும். இப்படியே போயிருவோமே?"

"உன் கல்யாணத்துக்காக டயருக்குத் துரோகம் பண்ணச் சொல்லுதியா?" என்று ஆவுடையப்பன் கேட்டார். பலவேசம் வெட்கத்தால் தலைகுனிந்தான்.

நாலரை மணிக்குத்தான் டயர் குளிர்ந்தது. பலவேசம் வேட்டியை மறுபடி கட்டிக்கொண்டான். முறை வைத்துப் பம்பை மிதித்தார்கள். கேஜில் முள் கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றது. டயர் வெடிக்காமல் இருந்தது அதன் பெருந்தன்மை. தட்டிப் பார்த்தால் ஆட்டுக்கல் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு வண்டி ஓடவில்லை, குதித்தது. சின்னக் கல்லுக்கும் ஒரு முழம் எழும்பி விழுந்தது. அந்தக் குலுக்கலில் டிரம்மில் பொங்கி நின்ற மாவெல்லாம் புஸ்ஸென்று அடங்கிப் பழையபடி பாதிக்கு இறங்கிவிட்டது. ஐந்தே கால் மணிக்குப் பாறைப்பட்டியில் நின்றபோது, வாசலில் இருநூறு பேரும் பட்டமுத்துவும் பசியோடு காத்திருந்தார்கள். டிரம்மைத் திறந்ததும் பட்டமுத்துவின் முகம் கறுத்தது.

"ரெண்டு மடங்குன்னு சொன்னீரே, பாதி மாவை எங்கவே? மாவு இல்லாம எம்பொண்ணு இல்ல!"

ஆவுடையப்பன் அசரவில்லை. டிரம்மைப் பார்த்தார். குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார்.

"கோவப்படாதேயும் சம்பந்தி. மேல இருந்த லோடு கீழ இறங்கியிருக்கு. மாவு பூரா டயருக்குள்ள இருக்கு. அமுக்கிப் பாரும், எவ்வளவு கெட்டி!"

பட்டமுத்து அமுக்கிப் பார்த்தார். கெட்டியாகத்தான் இருந்தது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. உள்ளே போய் ஒரு பெரிய சட்டியோடு வந்து டயரின் வால்வுக்கு நேராகப் பிடித்தார். கொம்பையா திறந்துவிட்டான். உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சட்டியில் ஒரு சொட்டு மாவு விழவில்லை.

கூட்டம் முணுமுணுத்தது. பட்டமுத்து வீட்டைப் பார்த்துத் திரும்பினார். எல்லாம் முடிந்தது என்று பலவேசம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்யாணப்பெண் வடிவே வந்து டயரைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்பா, டயர் இம்புட்டுச் சூடா இருக்கு. மாவு உள்ளேயே வெந்து இட்லியாயிருக்கும். இட்லி இந்தச் சின்ன ஓட்டை வழியா எப்படிப்பா வரும்?"

ஊரே கை தட்டியது. பலவேசத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இப்படி ஒரு புத்திசாலி தனக்கு வாய்ப்பாள் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. ஆறு மணிக்கு ராகுகாலம் முடிந்ததும் தட்டு மாற்றினார்கள். இருநூறு பேரும் சக்கரத்துக்கு ஐம்பது பேராகப் பந்தியில் உட்கார்ந்தார்கள். டிரம்களில் கிடந்த மாவை யாரும் சீண்டவில்லை. இலை போட்டார்கள். சாம்பார் வாளி வந்தது.

"ஒரு டயருக்கு எத்தனை இட்லி இருக்கும்?" என்று பட்டமுத்து கேட்டார்.

"ஒண்ணுதான். டயர் அளவுக்கு, வட்டமா, நடுவுல ஓட்டையோட இருக்கும்" என்றார் ஆவுடையப்பன்.

மந்திரமூர்த்தி யோசித்தான். "நடுவுல ஓட்டை இருந்தா அது வடைல்லா?"

பட்டமுத்து நெற்றியில் அடித்துக்கொண்டு சாம்பார் வாளிக்காரரைப் பார்த்துக் கத்தினார்:

"ஊத்தாதேயும்வே! வடைக்குச் சட்னியைக் கொண்டாரும்!"