பழத்துக்குள் போன முந்திரிக்கொட்டை

செம்மண்கோட்டையை ஆண்ட புலிக்குட்டி ராயருக்கு ஒரே ஒரு குறை. யாரையும் பேசி முடிக்க விடமாட்டார். "மன்னா, பக்கத்து நாட்டரசர்..." என்று தூதன் ஆரம்பித்தால் போதும். "தெரியும்!" என்று படையைக் கிளப்பிவிடுவார். போய்ப் பார்த்தால், அங்கே மகள் கல்யாணத்துக்கு அழைத்திருப்பார்கள்.

ஒருநாள் ராணிக்குப் பொறுக்கவில்லை. "சரியான முந்திரிக்கொட்டை!" என்றுவிட்டாள். சபை முழுக்கக் கேட்டது.

ராணிமேல் கோபப்பட ராயருக்குத் தைரியம் போதாது. அதனால் முந்திரிமேல் கோபப்பட்டார்.

அந்த நாட்டில் முந்திரித்தோப்பு வைத்திருந்தது கொளஞ்சியும் அவன் மனைவி அஞ்சலையும்தான். பிழிந்த பழச்சக்கை மாட்டுக்கு, மாட்டுச்சாணம் மரத்துக்கு, உடைத்த தோடு வறுக்கிற அடுப்புக்கு என்று எதையும் வீணாக்காத குடும்பம். இருவரையும் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"மாங்கொட்டை உள்ளே இருக்கிறது. பலாக்கொட்டை உள்ளே இருக்கிறது. இது மட்டும் ஏன் வெளியே தொங்குகிறது? எட்டு நாளில் கொட்டை பழத்துக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் தோப்பை வேரோடு வெட்டுவேன்!"

"சாமி, அது பொறக்கும்போதே..."

"தெரியும்! போ!"

இருவரும் அரசவை விகடகவி மாசிலாமணியிடம் ஓடினார்கள்.

"இவ்வளவுதானா? பழத்தைக் குடைந்து கொட்டையை உள்ளே திணித்துவிடுங்கள்."

அஞ்சலை பதறினாள். "ஐயோ, பச்சைக்கொட்டைங்க! தோட்டுல இருக்கிற எண்ணெய் பட்டா வெந்துபோயிடும். நாங்களே கையில சாம்பல் பூசிக்கிட்டுத்தான் உடைக்கிறோம்."

"அதை மன்னரிடம் நானே சொல்கிறேனம்மா. சொல்லி முடிக்க விட்டால்."

எட்டாம் நாள் மாசிலாமணி தங்கத்தட்டில் பழம் கொண்டுவந்தார். கொட்டை உள்ளே.

"மன்னா, இதைக் கடிப்பதற்கு முன்..."

"தெரியும்!" ராயர் கடித்தார்.

உதடு மெதுவடை அளவுக்கு வீங்கியது.

"...கொட்டையைச் சுட்டு, தோடு நீக்க வேண்டும் என்று சொல்ல வந்தேன், மன்னா. பழத்துக்கு இது முன்பே தெரியும். அதனால்தான் கொட்டையை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது."

மூன்று நாள் ராயரால் வாய் திறக்க முடியவில்லை. சபையில் எல்லோரும் பேசி முடித்தார்கள். ஒரு தூதன் முடித்த சந்தோஷத்தில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

நாலாம் நாள் வீக்கம் வடிந்தது. ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். "கொட்டை வெளியிலேயே இருக்கட்டும்! கொளஞ்சி தோப்பை யாரும் தொடக் கூடாது. மாசிலாமணி, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"மன்னா, எனக்கு ஒரு கூடை..."

"தெரியும்! பொற்காசுதானே? கொடுங்கள் ஒரு கூடை!"

மாசிலாமணி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"...வறுத்த முந்திரிப்பருப்பு கேட்க வந்தேன், மன்னா."