தைலம் மணந்த குட்டிகள்

பூனை மைதா தன் குட்டிகளுக்குப் பால் கொடுக்க மறுத்துவிட்டது.

மூன்று குட்டிகள். பிறந்து இரண்டு நாள். முதல் நாள் நன்றாகத்தான் குடித்தன. அப்புறம் தாய் பீரோ மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. குட்டியைப் பக்கத்தில் வைத்தால் முகர்ந்து பார்த்துச் சீறியது.

அமலதாஸ் தராசை எடுத்தார். மூத்த குட்டி தொண்ணூற்றாறு கிராமிலிருந்து தொண்ணூறு ஆகியிருந்தது. கடைசிக் குட்டி எண்பத்து மூன்று. இன்னொரு நாள் தாங்காது. முப்பத்து நான்கு வருடம் டிரில் மாஸ்டராக இருந்தவர். மணிக்கு ஒருமுறை தவறாமல் எடை போட்டிருக்கிறார். பால்பவுடரைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாய் விட்டார். கடைவாயில் ஒழுகிப் போனது.

ஷம்ஷாத்துக்குப் போன் செய்தார்.

பாலக்கரையில் மாடி வீட்டில் பதினொரு பாரசீகப் பூனைகள் வளர்ப்பவள் அவள். ஒரு காலத்தில் இவரிடம் வெயிலில் முட்டி போட்டவள். இப்போது அவள்தான் குரு. இவர் சீடர், அறுபத்தெட்டு வயதில். மனைவி ரோஸ்லின் இறந்த ஏழு மாதமாக இப்படித்தான்.

ரோஸ்லின் அதே பள்ளியில் கணக்கு டீச்சர். மைதா வளர்ந்தது அவள் மடியில். போன தடவை குட்டி போட்டபோது இவரை வாசலோடு நிறுத்திவிட்டாள். "அங்கேயே நில்லுங்க. வேணும்னா விசில் ஊதுங்க." தராசெல்லாம் கிடையாது. குட்டியை உள்ளங்கையில் ஏந்துவாள். "இவன் சாப்பாட்டு ராமன்" என்பாள். வீடு முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு திரும்பி வருமென்றுதான் இந்த முறையும் மைதாவை இணை சேர்த்தார்.

ஷம்ஷாத் வந்தாள். பூனையைப் பார்க்கவில்லை.

"கையை நீட்டுங்க, சார்."

நீட்டினார். முகர்ந்தாள்.

"என்ன தைலம்?"

"மூட்டு வலி."

"இந்தக் கையாலதான் மணிக்கு ஒரு தடவை தூக்குனீங்களா?"

"எடை ஏறுதான்னு பார்க்க வேண்டாமா?"

"தைலம்தான் ஏறியிருக்கு. தான் பெத்ததுன்னே அதுக்குத் தெரியல."

குட்டிகளை வெந்நீர்த் துணியால் துடைத்தாள். அவை படுக்கும் பெட்டியில் இருந்த புதுத் துண்டைத் தூக்கி வெளியே போட்டாள்.

"டீச்சர் கட்டுன சேலை ஒண்ணு கொடுங்க. துவைக்காதது."

அப்படி ஒன்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ரோஸ்லின் அவிழ்த்துப் போட்ட பருத்திச் சேலை. பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்டால் வாயைக் கட்டி பீரோவில் வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்து ஒரு தடவை திறப்பார். ஒரே மூச்சு. உடனே கட்டிவிடுவார்.

"என் சட்டை தர்றேன்."

"அதுலயும் தைலம்தான் இருக்கும்."

"பூனை படுத்தா அவ வாசம் போயிடும், ஷம்ஷாத்."

"போயிடும், சார்."

கடைசிக் குட்டியை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். அது வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

அமலதாஸ் பீரோவைத் திறந்தார். ரப்பர் பேண்டைக் கழற்றினார். மேலே மைதா தலையைத் தூக்கியது.

ஷம்ஷாத் சேலையைப் பெட்டியில் விரித்தாள். குட்டிகளை அதில் புரட்டிப் படுக்கவைத்தாள். அவர் வாசலில் போய் நின்றார். பழைய இடம்தான்.

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொப்பென்று ஒரு சத்தம். மைதா பெட்டியை இரண்டு முறை சுற்றியது. சேலையில் முகத்தைப் புதைத்தது. முன்கால்களால் மாற்றி மாற்றிப் பிசைந்தது. குட்டியாக இருந்தபோது மடியில் பிசைந்த அதே மாதிரி. அப்புறம் ஒருக்களித்துப் படுத்தது. குட்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டன.

அமலதாஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கெட்டிக்காரிதான். முட்டி போட வச்சது வீண் போகல."

ஷம்ஷாத் செருப்பை மாட்டினாள்.

"நான் எங்க சார் செஞ்சேன்? ரோஸ்லின் டீச்சர்."