பச்சை விளக்கு ஏன் துடிக்கிறது

பொருள்களுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. மின்விசிறி புலம்பும், பிரிட்ஜ் முனகும், டி.வி. "இன்னும் ஒரே ஒரு நாடகம்" என்று கெஞ்சும். வாய் இருக்கிறதே என்று எல்லாம் ஓயாமல் பேசித் தீர்த்தன. அதனால் மனிதர்கள் எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அப்போது திரவியம் என்று ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கணினி இருந்தது. இணையத்திலிருந்து பாட்டை இழுத்து ஸ்பீக்கருக்குக் கொடுப்பது அதன் வேலை. அதற்கென்று தனி சுவிட்ச் கிடையாது. உள்ளே செருகிய மெமரி கார்டுதான் அதன் ஞாபகம் முழுவதும். 'நிறுத்து' என்று சொன்னால், எழுதிக்கொண்டிருப்பதை எழுதி முடித்து, கார்டை மூடிவிட்டு, "ஆச்சு" என்று சொல்லும். அதன் பிறகுதான் வயரை எடுக்க வேண்டும்.

திரவியத்தின் மனைவி செண்பகம் நன்றாகப் பாடுவாள். பாவம், அவள் தொண்டையில் கட்டி வந்தது. "கட்டியை எடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாளன்று காலையில் அவள் குட்டிக் கணினியின் முன்னால் உட்கார்ந்து, அது கேட்டுப் பதிந்துகொள்ளட்டும் என்று தெரிந்த பாட்டையெல்லாம் பாடினாள்.

"இனிமே பாட முடியாட்டியும், இதைக் கேட்டுக்கிட்டாவது கெடப்பேன்" என்றாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"ஏங்க, அதை மட்டும் சொல்லி நிறுத்துங்க. சடக்குனு புடுங்கிராதீங்க."

"எனக்குத் தெரியாதா? நீ போய் ஏறு."

வெளியே கிளம்பினால் பிளக்கையெல்லாம் பிடுங்கிப் போடுவது திரவியத்தின் வழக்கம். தன்னைப்போல் பொறுப்பான ஆள் ஊரில் இல்லை என்று நினைப்பு. தயிர் இருந்ததால் பிரிட்ஜை மட்டும் விட்டுவைத்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. மதினி பாட்டை எழுதிக்கிட்டிருக்கேன்" என்றது குட்டிக் கணினி.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

"பாதியில எடுத்தா பழசும் சேர்ந்து அழிஞ்சிரும் அண்ணாச்சி. ஒரு வாய் தண்ணி குடிக்கிற நேரந்தான். உங்க கால்ல விழுதேன்."

"டி.வி.யும் இதைத்தான் சொல்லிச்சு" என்று வயரைப் பிடுங்கினார்.

ஆட்டோவில் செண்பகம், "சொல்லி நிறுத்தினீங்களா?" என்று கேட்டாள்.

"பக்காவா" என்றார். அவள் நம்பினாள்.

உயிர் தங்கியது, குரல் போனது. வீடு திரும்பியதும் அவள் முதல் வேலையாக வயரைச் செருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. திரவியம் ஓடிப்போய்ப் புதுக் கார்டு வாங்கி வந்து போட்டார். குட்டிக் கணினி கண் விழித்தது. செண்பகத்தைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றது.

"பழைய கார்டு மட்டமான சரக்கு. தானா கெட்டுப்போச்சு" என்றார் திரவியம்.

பிரிட்ஜுக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்லாதீங்க அண்ணாச்சி. அது கால்ல விழுதேன்னு கெஞ்சிச்சு. நான் கேட்டுக்கிட்டுதான நின்னேன்!"

செண்பகம் புருஷனைப் பார்த்தாள். வாய்விட்டுத் திட்டக்கூட அவளுக்குக் குரல் இல்லை. அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? அவர் ஏதேதோ சமாதானம் சொன்னார். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவருக்கு முகம் கொடுக்கவே இல்லை.

இதைப் பார்த்த பொருள்களுக்கு மனம் விட்டுப்போயிற்று. கெஞ்சியும் கேட்காதவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று எல்லாம் வாயை மூடிக்கொண்டன. குட்டிக் கணினி மட்டும், எழுதும்போதெல்லாம் ஒரு பச்சை விளக்கைத் துடிக்க வைத்தது. 'நிறுத்து' என்று சொல்லிவிட்டு, அந்தத் துடிப்பு அடங்கும்வரை வயரில் கை வைக்காமல் நிற்பவர்கள் இன்றும் சிலர் உண்டு.

மற்றவர்களிடம் அது மன்றாடுவதில்லை. அன்று வாயை மூடியதுதான். பச்சை விளக்கு துடிக்கத் துடிக்க வயரைப் பிடுங்கினாலும், பேசாமல் பிடுங்க விட்டுவிடுகிறது.