மீதி கேட்ட நீர்முனி

காவிரியில் பனி மூடிய ஒரு காலையில், செங்கமலம் ஓட்டிப்போன பரிசல் நட்டாற்றில் அப்படியே நின்றுவிட்டது. அதன் விளிம்பை ஈரமான கை ஒன்று பிடித்திருந்தது. விரல்களில் நகமே இல்லை.

"பரிசல் சாயாம இருக்க, ஆளுங்களை எதிரெதிரா ஜோடியாத்தானே உட்கார வைப்பே? ரெண்டு ரெண்டாப் பிரி. மீதி எனக்கு. வகுத்தல்ல என்னை மிஞ்ச ஆளே கிடையாது!" என்றது நீர்முனி.

பரிசல்காரியைத் தவிர ஏழு பேர். மூன்று ஜோடி போக, எதிரே ஆளில்லாமல் மிஞ்சியவள் கல்யாணப் பெண் வேம்பு. அவள் முந்தானை தானாகவே தண்ணீருக்குள் இழுபட்டது.

செங்கமலம் துடுப்பை மடியில் வைத்தாள். "விளிம்புல கை வச்சவங்க எல்லாரும் பயணிதான் சாமி. அது எங்க துறை வழக்கம். உங்களை நீங்க எண்ணவே இல்லையே?"

முனி எண்ணியது. எட்டு. இரண்டால் வகுத்தது. நாலு ஜோடி, மீதி இல்லை. திரும்ப வகுத்தது. அப்போதும் இல்லை. கையை எடுத்தால் மீதி வரும்; ஆனால் பிடி விட்டதுமே பரிசல் போய்விடும்.

"உங்க ஜோடி காத்திருக்கு. ஏறி உட்காருங்க" என்றாள் செங்கமலம்.

வேம்புக்கு எதிரே யாரும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் கனத்துத் தாழ்ந்தது. அக்கரையில் ஏழு பேர் இறங்கினார்கள்.

அதற்கப்புறம், ஒற்றைப்படையில் ஆள் வந்தால் செங்கமலம் இன்னொருவருக்காகக் காத்திருப்பதில்லை. துடுப்பைப் போட்டதுமே, காலியிடம் நனைந்து தாழும்.