பன்றித் தலை முளைத்த பறவை

கீழைத்துறை ராஜா கோப்பண்ண ராயருக்கு ஒரு வழக்கம். பரிசென்று எது வந்தாலும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை. சீன வணிகர் லின் கொடுத்த வெண்கலப் பாத்திரத்தையும் கவிழ்த்தார். அடியில் ஒற்றை எழுத்து இருந்தது.

ஆஸ்தான வித்துவான் அம்பலவாணருக்குத் தெரியாத லிபியே கிடையாதென்று ஊர் நம்பியது. ஊரைவிட அவர் அதிகம் நம்பினார். உற்றுப் பார்த்து, தேர் என்று பொருள் சொன்னார்.

லின் பணிவாக மறுத்தார். முன்னோருக்குப் படையல் வைக்கும் பாத்திரம் என்பதுதான் பொருளாம். ஆதியில் இறக்கைகளைக் கட்டிப்போட்ட பறவையை இரண்டு கைகள் ஏந்துவதாக எழுதினார்களாம். இப்போது மேலே பன்றித் தலை, நடுவில் அரிசியும் பட்டுநூலும், கைகள் மட்டும் கீழே அப்படியே.

அம்பலவாணருக்கு முகம் கறுத்துவிட்டது.

“யார் மாற்றினார்கள் ஐயா?”

“யாரும் மாற்றவில்லை. முன்னவர் எழுதியதைப் பார்த்துப் பின்னவர் எழுதினார். அவ்வளவுதான்.”

பார்த்து எழுதினால் பறவை பன்றியாகுமா, சபையில் பொய் சொன்னவன் கப்பலைப் பறிமுதல் செய்வதே முறை என்று அம்பலவாணர் ஒரே பிடியாய் நின்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார். நாளைக்குள் நிரூபிக்காவிட்டால் கப்பல் அரண்மனைக்கு.

சபையில் வாயால் பிழைக்கிற எட்டியப்பனுக்கு மனசு அடித்துக்கொண்டது. லின்னை அங்கே அழைத்து வந்தவனே அவன்தான். இந்தக் கப்பல் போனால் அந்த மனுஷன் ஊருக்கு நீந்தியா போவான்?

மறுநாள் சபையில் ஆளுக்கொரு பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் கொடுத்தான். அம்பலவாணர் ஒரு மயில் வரைய வேண்டும். அடுத்தவர் அதை மட்டும் பார்த்து வரைய வேண்டும். அவருடையதைப் பார்த்து அதற்கடுத்தவர். பார்த்து முடித்த பலகையைக் கவிழ்த்துவிட வேண்டும்.

அம்பலவாணரின் மயில் நன்றாகவே இருந்தது. மந்திரி கையில் தோகை சுருங்கியது. சேனாதிபதிக்கு வாள்தான் வரும், சுண்ணாம்பு வராது. பண்டாரி வயிற்றைப் பெரிதாக்கினார். வாயில்காவலன் கழுத்தை மறந்தே போனான். கடைசிப் பலகையை எட்டியப்பன் ராஜாவிடமே நீட்டினான். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, ரசித்து ரசித்து வரைந்தார்.

“வித்துவானே, இது என்ன?” என்று எட்டியப்பன் கேட்டான்.

அம்பலவாணர் பலகையைப் பார்த்தார். ராஜாவின் முகத்தைப் பார்த்தார். மயில் மயிலாகவே வந்து சேர்ந்ததென்றால் வழக்கும் ஜெயம், ராஜாவுக்கும் சந்தோஷம்.

“மயில், பிரபு. சாட்சாத் மயில்.”



“பன்றி. நான் பார்த்ததும் பன்றி, வரைந்ததும் பன்றி” என்றார் ராஜா.

எட்டியப்பன் கைகட்டிக்கொண்டு சொன்னான்:

“மயில் என்பதற்கு வித்துவான் சாட்சி. பன்றி என்பதற்குத் தாங்களே சாட்சி. நமக்கே ஒரு காலைப்பொழுதில் இவ்வளவு முடிந்திருக்கிறது. சீனத்துக்காரர்கள் ஆயிரக்கணக்கான வருஷம் எடுத்துக்கொண்டார்கள், பிரபு. கொஞ்சம் மெதுவான ஜனங்கள்.”

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கப்பலை விடச் சொன்னார். எட்டியப்பன் கையில் தங்கத் தோடா போட்டார். பன்றிப் பலகையைப் பூஜை அறையில் மாட்டவும் உத்தரவிட்டார், அம்பலவாணர் தினமும் வந்து மயிலைக் கும்பிட்டுப் போவதற்காக.