தர்மாதிகாரியும் நார்த்தங்காய் ஊறுகாயும்

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்து ராஜ்யம் ஒன்றை ஆண்ட அரசருக்கு மனசு தங்கம்; காதுதான் கொஞ்சம் பலவீனம். கடைசியாக யார் வந்து ஓதினாலும் அன்றைக்கு அதுதான் சட்டம். அந்தச் சபையில் விகடகவியாக இருந்து குப்பை கொட்டுவது லேசான காரியமா? ஆவுடையப்பன் பத்து வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தான்.

கிழக்கு வாசலில் ஒரு அன்னசத்திரம் இருந்தது. வழிப்போக்கர்களுக்கு இரண்டு வேளையும் சோறு. அதை நடத்தியவள் பேச்சியம்மை. முன்பெல்லாம் மாதாமாதம் அவள் தர்மாதிகாரி மார்த்தாண்டரின் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும். அவர் ஊஞ்சலை விட்டு எழுந்து வர அரை நாளாகும். வந்ததும் முரசு அறையப்படும். "தர்மாதிகாரி மார்த்தாண்டர் பத்து மூட்டை அரிசி அளித்தார்!" என்று தெருத்தெருவாகக் கூவுவார்கள். அரிசி என்னவோ அரண்மனைக் களஞ்சியத்தது.

நின்று நின்று கால் கடுத்துப்போன பேச்சியம்மை, சத்திரத்துக் கொல்லையில் காய்த்துக் கிடந்த நார்த்தங்காயை ஊறுகாய் போட்டு வண்டிக்காரர்களுக்கு விற்றாள். ருசி கண்டவர்கள் ஜாடி ஜாடியாக வாங்கினார்கள். அந்த வரும்படியிலேயே உலை கொதித்தது. அவள் மார்த்தாண்டர் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முரசும் மூலையில் கிடந்தது. மார்த்தாண்டருக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவர் அரசரின் காதைக் கடித்தார். "பிரபு! தர்மம் கடை விரித்துவிட்டது. ஊறுகாய் விற்ற காசில் அன்னதானமாம்! தங்கள் ராஜ்யத்துக்கே இழுக்கல்லவா?"

அரசர் கொதித்தெழுந்தார். "இன்று முதல் தர்மம் நடக்கும் இடத்தில் வியாபாரத்தின் வாடையே படக்கூடாது! விற்றது, வாங்கியது எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது!"

"இதை ஆவுடையப்பனே நிறைவேற்றட்டும், பிரபு. அந்தச் சோற்றைத் தின்று கொழுத்தவன் அவன். தவறினால் நாடு கடத்திவிடலாம்" என்று மார்த்தாண்டர் மீசைக்குள் சிரித்தார்.

ஆவுடையப்பனுக்குப் பகீரென்றது. இந்த ஊருக்கு முதன்முதலில் அவன் பசி மயக்கத்தோடு வந்தபோது, யார் எவர் என்று கேட்காமல் சோறு போட்டவள் பேச்சியம்மை. அவள் அடுப்பை அவன் கையாலேயே அணைப்பதா? ஆனாலும் முகத்தில் காட்டாமல் குனிந்து வணங்கினான்.

"உத்தரவு, மகாராஜா. இது எல்லா தர்மத்துக்கும் பொருந்துமா?"

"எல்லா தர்மத்துக்கும்தான்! நான் செய்வதற்கும் சேர்த்து!"

"அப்படியே ஓலையில் எழுதி முத்திரை வைத்துத் தந்தால் நலம்."

மறுநாள் அரசரின் பிறந்தநாள். அரண்மனை முற்றத்தில் ஊருக்கே சாப்பாடு. முதல் கவளத்தை அரசர் உண்ட பிறகே மற்றவர்கள் கை வைக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். பசியோடு ஊரே வரிசையாக உட்கார்ந்திருந்தது. அரசரும் சம்மணமிட்டு அமர்ந்தார்.

அவர் முன்னால் இலை இல்லை. ஆவுடையப்பன் வந்து, அவர் உள்ளங்கையில் ஊறிய பச்சரிசி ஒரு பிடி வைத்தான்.

"என்னடா இது?"

"விருந்து, மகாராஜா. அரிசி தங்கள் வயலில் விளைந்தது. உப்பும் மிளகும் வண்டிக்காரர்கள் விற்றது; வாசலிலேயே நிறுத்திவிட்டேன். இலை தோட்டக்காரனிடம் வாங்கியது. அண்டாக்கள் பாத்திரம் செய்யும் கன்னாரிடம் வாங்கியவை. ஆகவே, அரண்மனைப் பாறையில் குடைந்த யானைத் தொட்டியில் ஊறவைத்தேன்."

மார்த்தாண்டர் பாய்ந்து வந்தார். "பிரபு! இது திமிர்!"

"நல்லவேளை வந்தீர்கள்" என்ற ஆவுடையப்பன் காவலரைப் பார்த்தான். "தர்மம் நடக்கும் இடத்தில் தர்மாதிகாரி கடைச்சரக்கோடு நிற்கிறார். பட்டு அங்கவஸ்திரம், தலைப்பாகை, செருப்பு எல்லாம் வாசலுக்கு வெளியே போகட்டும்!"

முத்திரை ஓலையைக் கண்ட காவலர்கள் உருவ ஆரம்பித்தார்கள். "வேட்டியும் வாங்கியதுதானே?" என்று ஒருவன் கேட்டதும், மார்த்தாண்டர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஓடினார்.

அரசர் பச்சரிசியை மென்றார். விழுங்க முடியவில்லை.

"மகாராஜா, வணிகர் கட்டும் சுங்கத்தில்தான் தங்கள் கருவூலமே நிறைகிறது" என்றான் ஆவுடையப்பன் மெதுவாக. "தாங்கள் அதில் தானம் செய்தால் புண்ணியம், பேச்சியம்மை ஊறுகாய் விற்றுச் செய்தால் இழுக்கா?"

அரசர் மென்றதைத் துப்பிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். ஓலையை வாங்கிச் சுக்குநூறாகக் கிழித்தார். ஆவுடையப்பன் முன்பே சொல்லிவைத்தபடி வாசலில் காத்திருந்த சத்திரத்து வண்டிகள், ஆவி பறக்கும் சோற்று அண்டாக்களோடு உள்ளே வந்தன.

"இனி அந்தச் சத்திரத்தை ஒருவரும் தடுக்கக்கூடாது. உனக்கு என்ன வேண்டும், ஆவுடையப்பா? பொற்கிழியா?"

"கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கூடவே, மூலையில் கிடக்கும் அந்த முரசையும் சத்திரத்துக்குத் தந்துவிடுங்கள்."

நாலு நாள் கழித்து, மார்த்தாண்டரின் வேலைக்காரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சத்திரத்துக்கு வந்து, ஒரு ஜாடி கேட்டான்.

"யாரு வீட்டுக்குப்பா?" என்றாள் பேச்சியம்மை.

"ஐயா வீட்டுக்குத்தான். சத்தம் போடாதீங்கம்மா. அது இல்லாம அவருக்குச் சோறு எறங்கல."

பேச்சியம்மை விலையை வாங்கி முடிந்துகொண்டு, வாசல் பக்கம் திரும்பி ஆவுடையப்பனுக்குக் கண் காட்டினாள். அவன் முரசை எடுத்து ஓங்கி அறைந்தான்.

"தர்மாதிகாரி மார்த்தாண்டர் ஒரு ஜாடி ஊறுகாய் வாங்கினார்!"