மாசிக்காயில் ஓட்டை வந்தது எப்படி

மரமும் பூச்சியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது மை என்றால் விளக்குக் கரிதான். ஈரத் துணியால் ஒரு துடைப்பு, எழுதியவர் பட்ட பாடெல்லாம் போயே போய்விடும்.

இத்தாலி நாட்டு மலையொன்றில் துறவியர் மடம் ஒன்று இருந்தது. அங்கே பசீலியோ என்ற தடித்த துறவிக்கு ஒரே வேலை, பழைய ஆட்டுத்தோல் ஏடுகளைத் துடைத்து வெள்ளையாக்குவது. அவற்றின்மேல் மற்றவர்கள் ஜெபம் எழுதுவார்கள். துடைக்கும் முன், தோலைத் தந்த ஆட்டிடம் மன்னிப்புக் கேட்பது மடத்து வழக்கம். அழியப்போகிற எழுத்திடமும் கேட்க வேண்டும் என்று அந்த நல்ல மனிதர்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஒரு காலை, கிரேக்க ஏடொன்றைத் துடைப்பதற்காகப் பசீலியோ சன்னலோரம் விரித்தார். வெளியே நின்ற கிழட்டுக் கருவாலி மரம் குனிந்து பார்த்தது.

"அட, இது எனக்குத் தெரிந்ததாச்சே! ஆயிரம் வருசத்துக்கு முன்னால் என் நிழலில் உட்கார்ந்து ஒருவர் இதைத்தான் உரக்கப் படித்தார்."

"உனக்காவது தெரிகிறதே. இங்கே ஒருத்தருக்கும் இந்த எழுத்து தெரியாது. என்னதான் சொல்கிறது?"

"ஒரு கோலை நட்டு, அதன் நிழலை அளந்தே இந்தப் பூமி எவ்வளவு பெரியது என்று கணக்கிடலாமாம்."

பசீலியோ சிரித்தார். சிரித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது முற்றத்தில் ஒரு கழியை நட்டார். நிழல் குறுகுவதையும் நீள்வதையும் பொழுது சாயும்வரை பார்த்தார். சாப்பாட்டு மணி அடித்தது. அவர் வாழ்நாளில் முதல்முறையாக அது அவர் காதில் விழவில்லை. ஒரு கழி, அதன் நிழல், அவ்வளவுதான்! எவரோ ஒரு மனிதர் இப்படி நின்று, கடலும் மலையுமாகக் கிடக்கிற இந்த முழு உலகத்தையும் அளந்திருக்கிறார்.

பசீலியோ மடத்துத் தலைவரிடம் ஓடினார். "சாமி, இந்த ஒரு ஏட்டை மட்டும் விட்டுவிடுங்கள். உலகத்திலேயே இது ஒன்றுதான் மிச்சமோ என்னவோ."

"படிக்க ஆளில்லாததை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கிறிஸ்துமஸுக்குள் ஜெபப் புத்தகம் முடிய வேண்டும். அதற்குள் துடைத்துக் கொடு."

கீழ்ப்படிவேன் என்று ஆண்டவர் முன் வாக்குக் கொடுத்தவர் பசீலியோ. மீற முடியாது, துடைக்கவும் கை வரவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து அழுதார்.

அங்கே ஒரு சின்னக் குளவி முட்டையிட இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தது. கருவாலியோ எந்தப் பூச்சியையும் அண்டவிடாது, அவ்வளவு முசுடு. குளவி துணிந்து கேட்டது.

"பெரியவரே, உங்கள் கிளையில் என் பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள். நான் கொட்டுகிற இடத்தில் உங்கள் கசப்பெல்லாம் திரண்டு காயாகும். அதில் மை செய்தால் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். மேலே துடைத்தாலும் என்றைக்காவது வெளியே வரும்."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

மரம் பசீலியோவின் முகத்தைப் பார்த்தது. "சரி, கொட்டு" என்றது.

காய்கள் திரண்டன, இன்று நாம் மாசிக்காய் என்கிறோமே, அவைதான். பண்டிகை நெருங்கியது. பசீலியோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பறிக்கட்டுமா?" என்று தினமும் கேட்டார். "உள்ளே என் பிள்ளைகள் இருக்கிறார்களே, பொறுங்கள்" என்றது குளவி. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் குட்டிக் குளவிகள் சுவரைக் கடித்து ஓட்டை போட்டுப் பறந்தன.

பசீலியோ அந்தக் காய்களை இடித்து, துருப்பிடித்த ஆணிகளோடு ஊறவைத்து மை செய்தார். துடைக்கும் முன் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! பழைய எழுத்தின்மேலேயே, பொருள் தெரியாமலேயே, ஒவ்வொரு கோடாக எழுதினார். பிறகு ஆட்டிடமும் எழுத்திடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சொன்னபடி தேய்த்துத் துடைத்தார். தோல் வெளுத்தது. அதன்மேல் ஜெபம் ஏறியது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். ஜெபத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் பார்த்துவிட்டு, தோற்றுவிட்டோம் என்று நினைத்தபடியே கண்மூடினார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நூறு ஆண்டுகள் கழித்து, கிழிந்துபோன அந்தப் புத்தகம் மலையடி நகரத்தில் லவீனியா என்ற பெண்ணிடம் தைக்க வந்தது. கடல் தாண்டி வந்த கிரேக்கர்களிடம் அவர்கள் மொழியைக் கற்றவள் அவள். கிழிசல் எங்கே என்று பார்க்க ஏட்டை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். ஜெப வரிகளுக்கு அடியில், பழுப்பு நிறத்தில், வேறொரு எழுத்து எழுந்து நின்றது. படித்தாள். ஊசியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி, ஒரு கழியை நட்டாள்.

"என்னம்மா பண்ணுறே?" என்று தெரு கூடிவிட்டது.

"உலகத்தை அளக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஏட்டைப் படித்துப் பொருள் சொன்னாள். நிழல் நகர்ந்தது. சிரிப்பு நின்றது. ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கு ஓடி, பரணில் கிடந்த பழைய தோல்களை வெயிலுக்குக் கொண்டுவந்தார்கள்.

கருவாலி குளவிக்கு இடம் கொடுப்பதும், மாசிக்காய் கசப்பதும், அதில் ஒரு சின்ன ஓட்டை இருப்பதும் பசீலியோ அழுத நாளிலிருந்துதான். ஆனால் துடைத்த ஏட்டை வெறும் ஏடு என்று நம்பிவிடாமல், மனிதர்கள் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கத் தொடங்கியது லவீனியா கழி நட்ட அந்தப் பகலிலிருந்துதான்.